பனிப்புயல் நாளில் பிள்ளையும் சிகிச்சையும்

குளிர்காலத்தில் சிகிச்சைக்கு வராமற்போன நோயாளரைத் தொலைபேசியில் அழைத்துக் காரணம் விசாரிப்பது எமது சமூகப்பணிப் பிரிவினரின் வழக்கம். உடல் இயலவில்லை என்பர் சிலர். வீதி திறக்கப்படவில்லை என்பர் சிலர். வேறு சிலரோ சற்றுத் தயங்கியபின், "டேகெயார் பூட்டிவிட்டார்கள், பிள்ளையை விட இடம் இல்லை" என்பர். இதைச் சொல்லும்போது அவர்கள் ஏதோ குற்றம் செய்தவர்போலக் குரலைத் தாழ்த்துவதும் உண்டு. இதில் குற்றம் ஏதும் இல்லை. ஆயினும், முன்கூட்டியே அறிந்து ஒழுங்கு செய்திருந்தால் இவ்விழப்புகளிற் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

ரொறன்ரோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழும், வீட்டில் ஒரு நோயாளரும் ஒரு சிறு பிள்ளையும் உள்ள குடும்பங்களுக்காக இப்பாடம் எழுதப்படுகிறது. பராமரிப்பு நிலையம் ஏன் மூடப்படுகிறது, மூடிய நாளுக்குக் கட்டணம் யார் பொறுப்பு, அந்த நாளிற் சிகிச்சையைத் தவறவிடாதிருக்க என்ன வழி என்ற மூன்று வினாக்களுக்கு இங்கே விடை காண்போம்.

ஒரு திங்கட்கிழமைக் காலை

2022 ஜனவரி 17ஆம் நாள், திங்கட்கிழமை, ரொறன்ரோவைப் பெரும் பனிப்புயல் தாக்கியது. பாடசாலைகள் மூடப்பட்டன. டொன் வலி பார்க்வே, கார்டினர் ஆகிய விரைவுச் சாலைகளும் போக்குவரத்துக்கு மூடப்பட்டன. 2025 பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரே வாரத்துக்குள் இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்தன. ஆகவே இத்தகைய நாள் எப்போதோ ஒருமுறை வரும் விந்தை என்று எண்ணி இருந்துவிட இயலாது.

அத்தகைய ஒரு திங்கட்கிழமையில் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தந்தைக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்துள்ளன. திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களும் காலையில் ஏறத்தாழ நான்கு மணிநேரம் டயாலிசிஸ் எனப்படும் இரத்தச் சுத்திகரிப்பு நடைபெறுகிறது. சிகிச்சை முடிந்ததும் அவருக்குத் தலைச்சுற்று வருவதால் தாயே காரை ஓட்டுகிறார். மூன்று வயது மகள் பாடசாலைக் கட்டடம் ஒன்றினுள் இயங்கும் பராமரிப்பு நிலையத்துக்குச் செல்கிறாள். காலை ஐந்தரை மணிக்குத் தாயின் கைத்தொலைபேசிக்குச் செய்தி வருகிறது: இன்று நிலையம் மூடப்பட்டுள்ளது.

அந்த வேளையில் அவர்கள் முன்னே மூன்று வழிகள் உள்ளன. தந்தை தனியே பனியிற் செல்லலாம்; பிள்ளையையும் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம்; அல்லது, "ஒரு நாள்தானே, புதன்கிழமை போவோம்" என்று இருந்துவிடலாம். மூன்றாவது வழியே எளிதாகத் தோன்றும். உண்மையில் மிகவும் ஆபத்தானதும் அதுவே.

வெள்ளிக்கிழமை சுத்திகரிப்புச் செய்தவர் திங்கட்கிழமை வராவிட்டால், புதன்கிழமைவரை ஐந்து நாட்கள் சுத்திகரிப்பு இன்றி இருக்கிறார். அந்த ஐந்து நாட்களும் உடலில் நீர் சேர்கிறது; பொட்டாசியம் என்னும் உப்பும் கூடுகிறது. நீர் மிகுந்தால் மூச்சுத் திணறும். பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும். அது உயிருக்கே கேடாகலாம். வார இறுதியின் நீண்ட இடைவெளிக்குப் பின்வரும் நாளே எல்லாவற்றிலும் தவறவிடக்கூடாத நாள் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நிலையம் ஏன் மூடப்படுகிறது?

"எங்கள் தெருவிற் பனி அள்ளிவிட்டார்கள், கடைகள் திறந்திருக்கின்றன, டேகெயார் மட்டும் ஏன் மூடியிருக்கிறது?" என்று பெற்றோர் வியப்பதுண்டு. இதற்கு இரு முக்கிய காரணங்கள் உள்ளன.

முதலாவது, பணியாளர் எண்ணிக்கை. ஒன்ராறியோவில் உரிமம் பெற்ற நிலையங்கள் பிள்ளைகளின் வயதுக்கேற்பப் பணியாளரை வைத்திருக்கச் சட்டத்தாற் கடமைப்பட்டுள்ளன. 18 மாதத்துக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு 3 பணியாளர். 18 முதல் 30 மாதம் வரையான 5 பிள்ளைகளுக்கு ஒருவர். அதற்கு மேற்பட்ட பாலர் வயதுப் பிள்ளைகள் 8 பேருக்கு ஒருவர் என்பது பொதுவான கணக்கு. பணியாளர்களும் பேருந்திலும் காரிலுமே வருகின்றனர். அவர்களிற் சிலர் வர இயலாதபோது, கட்டடம் திறந்திருந்தாலும் பிள்ளைகளை ஏற்க முடியாது. ஒரு வகுப்பு மட்டும் மூடப்படுவதற்கும், மாலையில் நேரத்தோடு பிள்ளையை அழைத்துச் செல்லும்படி கேட்பதற்கும் இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

இரண்டாவது, கட்டடம். பல நிலையங்கள் பாடசாலைகளினுள் இயங்குகின்றன. கல்விச்சபை பாடசாலையை மூடினால் அந்த நிலையமும் பெரும்பாலும் மூடப்படும். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். "பாடசாலைப் பேருந்துகள் இன்று ஓடா" என்பது ஓர் அறிவித்தல். "பாடசாலைகள் இன்று மூடப்பட்டுள்ளன" என்பது வேறோர் அறிவித்தல். பேருந்து ஓடாத நாட்களிலும் பாடசாலை திறந்திருப்பது வழக்கம். முதலாவதைக் கேட்டு இரண்டாவது என்று எண்ணிச் சிகிச்சையை நிறுத்திக்கொண்ட குடும்பங்களும் உள்ளன. அறிவித்தலை முழுவதும் கேளுங்கள். ஐயமிருந்தால் நிலையத்தை அழைத்து உறுதிப்படுத்துங்கள்.

இம்முடிவுகள் பெரும்பாலும் அதிகாலையிலேயே எடுக்கப்படுகின்றன. ஆனால் புயலோ முதல் நாளே தன் வருகையை அறிவித்துவிடுகிறது. தென் ஒன்ராறியோவில் 12 மணிநேரத்துக்குள் 15 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேற்பட்ட பனி விழக்கூடும் என்றால் கனடாவின் சுற்றாடல் திணைக்களம் பனிப்பொழிவு எச்சரிக்கை விடுக்கிறது. அந்த எச்சரிக்கையைக் கேட்ட மாலையே, நாளை நிலையம் மூடப்படலாம் என்று கருதி ஆயத்தமாகிவிட வேண்டும்.

மூடிய நாளுக்குக் கட்டணம் உண்டா?

பெற்றோரை அதிகம் வருத்தும் வினா இது. சேவை கிடைக்காத நாளுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்பது நியாயமான கேள்வியே. ஆனால் பெரும்பாலான நிலையங்களில் நீங்கள் செலுத்துவது பிள்ளை வந்த நாளுக்கான கூலி அன்று; பிள்ளைக்கென ஓர் இடத்தை ஒதுக்கி வைத்திருப்பதற்கான கட்டணம். நிலையம் மூடியிருந்தாலும் அதன் வாடகையும் செலவுகளும் தொடர்கின்றன. எனவே பனியால் மூடப்பட்ட நாளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்று பல ஒப்பந்தங்கள் கூறும். எல்லா நிலையங்களும் இதில் ஒன்றுபோல் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதே விடை.

உரிமம் பெற்ற ஒவ்வொரு நிலையமும் பெற்றோர் கையேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். நிலையம் திறந்திருக்கும் நேரம், விடுமுறை நாட்கள், கட்டணங்கள் ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். கட்டணம் இருவகைப்படும். பராமரிப்புக்காக எல்லோரும் செலுத்துவது அடிப்படைக் கட்டணம். விரும்பினால் மட்டும் பெறும் சேவைகளுக்கானதும், ஒப்பந்தத்தை மீறும்போது செலுத்துவதும் அடிப்படை சாராக் கட்டணம். பிள்ளையைப் பிந்தி அழைத்துச் செல்வதற்கான தண்டப்பணம் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

தேசிய குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தில் ஒன்ராறியோ 2022இல் இணைந்தது. அத்திட்டத்திற் சேர்ந்துள்ள நிலையங்களில், 2025 ஜனவரி முதலாம் நாள் தொடக்கம், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கான அடிப்படைக் கட்டணம் நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேற்படலாகாது. ஆகவே அத்தகைய நிலையமொன்று பனியால் ஒருநாள் மூடப்பட்டுக் கட்டணமும் திருப்பித் தரப்படாவிட்டால், உங்கள் இழப்பு ஆகக்கூடியது 22 டொலர். இந்த உச்ச வரம்பு பிந்திவரும் தண்டப்பணத்துக்குப் பொருந்தாது. திட்டத்திற் சேராத நிலையங்களுக்கும், உரிமமின்றி வீட்டில் பிள்ளைகளைப் பார்ப்போருக்கும் இது பொருந்தாது. அவர்களுடன் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்வது நன்று.

கட்டணத்தைவிடப் பெரிய இழப்பு வேலையில் நேர்வதாகும். 2025 ஒக்ரோபரில் நடைமுறைக்கு வந்த, மணிக்கு 17 டொலர் 60 சதம் என்னும் குறைந்தபட்ச ஊதியத்தில் எட்டு மணிநேரம் உழைப்பவர், ஒருநாள் வேலைக்குச் செல்லாவிட்டால் 140 டொலர் 80 சதத்தை இழக்கிறார். எனவே நிலையத்துடன் 22 டொலருக்கு வாதாடுவதைவிட, அந்த நாளில் பிள்ளையைப் பார்க்க ஒருவரை ஒழுங்கு செய்து வைத்திருப்பதே குடும்பத்துக்கு அதிக நன்மை தரும்.

உங்கள் நிலையத்தின் பொறுப்பாளரிடம் இப்போதே கேட்டு அறியவேண்டியவை நான்கு:

1. பனியால் மூடினால் எத்தனை மணிக்குள், எந்த வழியில் அறிவிப்பீர்கள்?
2. மூடிய நாளுக்கும், பாதியில் மூடிய நாளுக்கும் கட்டணம் என்ன?
3. புயலால் வீதி தடைப்பட்டுப் பிந்தி வந்தால் தண்டப்பணம் உண்டா?
4. வீட்டில் ஒருவர் தொடர்சிகிச்சை பெறுகிறார் என்பதைப் பதிவு செய்து வைக்க முடியுமா?

நான்காவது வினாவைக் கேட்கப் பலர் கூச்சப்படுவர். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "திங்கள், புதன், வெள்ளி காலையில் என் கணவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், அந்த நாட்களிற் சற்று முன்கூட்டியே சொன்னால் உதவியாயிருக்கும்" என்று சொன்னாற் போதும். நகரசபையின் கட்டண உதவி பெறுவோர், பிள்ளை வராத நாட்கள் எவ்வாறு கணக்கிடப்படும் என்பதைத் தமக்குரிய அலுவலரிடம் கேட்டறிய வேண்டும்.

வேலை விடுப்பும் வரிக்கழிவும்

ஒன்ராறியோவின் வேலைத்தர நியமங்கள் சட்டத்தின்கீழ், ஒரே நிறுவனத்தில் இரண்டு வாரங்களாவது தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்கு மூன்று நாட்கள் குடும்பப் பொறுப்பு விடுப்பு உண்டு. இதற்கு ஊதியம் இல்லை. ஆனால் இதை எடுத்ததற்காக வேலையிலிருந்து நீக்க முடியாது. குடும்பத்தவரின் நோய் மட்டுமன்றி, எதிர்பாராத அவசர நிலையும் இதற்குக் காரணமாகலாம். அரைநாள் எடுத்தாலும் முதலாளி அதை ஒரு முழு நாளாகக் கணக்கிட இடமுண்டு என்பதால், மூன்று நாட்களையும் கவனமாகப் பயன்படுத்துங்கள். வங்கி, விமானப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு போன்ற மத்திய அரசின் சட்டத்துக்குட்பட்ட துறைகளில் ஐந்து நாட்கள் தனிப்பட்ட விடுப்பு உண்டு. மூன்று மாதங்கள் தொடர்ந்து பணியாற்றியவருக்கு அவற்றில் முதல் மூன்று நாட்களும் ஊதியத்துடன் கிடைக்கும்.

பராமரிப்புச் செலவை வருமான வரியிற் கழிக்கலாம் என்பது பெரும்பாலானோர் அறிந்தது. பொதுவாக ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு 8,000 டொலர் வரை, கணவன் மனைவியரிற் குறைந்த வருமானம் உடையவரே இதைக் கோர வேண்டும். நோயாளர் குடும்பங்கள் அறியவேண்டிய ஒரு விலக்கும் உண்டு. குறைந்த வருமானம் உடையவர் இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் மருத்துவமனையிலோ, படுக்கையிலோ, சக்கர நாற்காலியிலோ இருந்து பிள்ளையைப் பராமரிக்க இயலாதவராயின், அக்காலத்துக்குரிய செலவை மற்றவர், வார வரம்புக்குட்பட்டு, கோரலாம். இதற்கு மருத்துவரின் எழுத்துச் சான்று வேண்டும், எம்மிடம் கேளுங்கள். பனி நாளில் பிள்ளையைப் பார்த்தவருக்குக் கொடுத்த பணத்துக்கும் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். அதில் அவருடைய சமூகக் காப்புறுதி எண் இருக்க வேண்டும்.

சிகிச்சைப் பிரிவுக்கு என்ன சொல்ல வேண்டும்?

புயல் எச்சரிக்கை வந்தவுடன் எங்களை அழையுங்கள். காலையில் எல்லாம் கைமீறிய பின்னர் அழைப்பதைவிட முதல் நாள் மாலை அழைப்பது மிக நன்று. டயாலிசிஸ் நேரத்தை முன்னதாகவோ அன்றே பின்னதாகவோ மாற்ற இயலுமா என்று பார்க்க அது எங்களுக்கு அவகாசம் தரும். எல்லா வேளையும் இயலும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் நீங்கள் கேட்காவிட்டால் நாங்கள் முயலவும் வழியில்லை. சிகிச்சை பிந்த நேர்ந்தால் எதை உண்ணலாம், எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை உணவு ஆலோசகரிடம் இப்போதே எழுதி வாங்கி வையுங்கள்.

பிள்ளையைச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வர எண்ணினால் முதலிற் கேளுங்கள். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த பலர் அங்கே இருப்பதாற் சிறு பிள்ளைகளை அனுமதிக்க இயலாமற் போகலாம். உங்களை வாயிலிலே நிறுத்த நேர்வது எங்களுக்கும் வருத்தமே.

கீமோ சிகிச்சை பெறுபவர் வீட்டில் இருந்தால் ஒரு விதியை மறவாதீர்கள். உடல் வெப்பம் ஒருமுறை 38.3 பாகையை எட்டினாலும், 38 பாகையில் ஒரு மணிநேரம் நிலைத்தாலும், அது அவசர நிலை. பனி நிற்கட்டும், நிலையம் திறக்கட்டும், பிள்ளை உறங்கட்டும் என்று காத்திராமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். செல்ல வழியில்லையாயின் 911ஐ அழையுங்கள். மூச்சுத் திணறலுக்கும் மார்பு வலிக்கும் இதுவே விதி. பிள்ளையை யார் பார்ப்பார் என்ற வினாவுக்கு அந்த நேரத்தில் விடை தேடக்கூடாது. விடை முன்னரே தயாராயிருக்க வேண்டும்.

நிலையம் மூடிய நாளில் பிள்ளை முழுநாளும் நோயாளருடன் வீட்டில் இருக்கும். சிறு பிள்ளையின் கண்ணுக்கு மாத்திரையும் இனிப்பும் ஒன்றே. மருந்துகள் அனைத்தையும் பூட்டிய பெட்டியில், உயரமான இடத்தில் வையுங்கள்.

இரண்டாம் ஆள்

இப்பாடத்தின் மையம் இதுதான். ஒவ்வொரு நோயாளர் குடும்பத்துக்கும், பனி நாளில் பிள்ளையை ஏற்க ஓர் ஆள் வேண்டும். அவருக்கும் இயலாதபோது உதவ இன்னோர் ஆள் வேண்டும். அவர்கள் நடந்து செல்லக்கூடிய தொலைவில் இருந்தால் மிக நன்று. தொலைவில் உள்ள சொந்தச் சித்தியைவிட அதே அடுக்குமாடியில் உள்ள அயலவர் அன்று பெரிய துணை. அம்மம்மாவோ அப்பப்பாவோ பார்ப்பதாயின், அவர்களுடைய உடல்நிலையையும் எண்ண வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்க இயலாத முதியவரிடம் ஏழு மணிநேரம் பிள்ளையை விடுவது இருவருக்கும் நன்றன்று.

பாதியில் நிலையம் மூடப்படும் நாளில் அந்த இரண்டாம் ஆளே பிள்ளையை அழைத்து வர நேரலாம். நிலையத்தார் நீங்கள் எழுத்தில் அனுமதித்தவரிடம் மட்டுமே பிள்ளையை ஒப்படைப்பர். ஆகவே அவருடைய பெயரை இப்போதே பதிவு செய்யுங்கள். அடையாள அட்டையுடன் செல்லச் சொல்லுங்கள். அவர் காரிற் செல்வதாயின் பிள்ளைக்குரிய கார் இருக்கை அவரிடம் உண்டா என்று பாருங்கள். தடித்த குளிர்மேலாடையுடன் பிள்ளையை அதில் இருத்தினாற் பட்டி தளர்வாகிவிடும். மேலாடையைக் கழற்றிப் பட்டியை இறுக்கிய பின், அதற்கு மேலாற் போர்த்துவதே பாதுகாப்பு.

பிறரிடம் கேட்பது பலருக்கு நோயைவிடக் கடினமாயிருக்கிறது. "அவர்களுக்கும் வேலை இருக்குமே, எப்படிக் கேட்பது?" என்பர். ஊரில் ஒரு வீட்டில் நோயாளி இருந்தால் அயலவர் கேளாமலே பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். இங்கே கதவுகள் மூடியிருப்பது மனமின்மையால் அன்று, குளிரினால். உள்ளே இருப்பவருக்கு உங்கள் தேவை தெரியாது. "அக்கா, பனியால் டேகெயார் பூட்டினால் இவரை டயாலிசிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். மகளை மத்தியானம் வரைக்கும் உங்களிடம் விடலாமா? உங்களுக்குத் தேவைப்படுகிற நாளில் நான் உங்கள் பிள்ளைகளைப் பார்க்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். எந்த நாள், எத்தனை மணிநேரம் என்று தெளிவாகக் கேட்டால் மறுப்பவர் குறைவு. இயலாதவரும் இயலாது என்று முன்னரே சொல்லிவிடுவார்.

கேட்பதற்கு எவரும் இல்லாத குடும்பங்களும் உண்டு. புதிதாக வந்தோர், தனியே பிள்ளை வளர்ப்போர் அத்தகையோர். அவர்கள் தங்கள் பிரிவின் சமூகப்பணியாளரைக் காண விரும்புவதாகத் தாதியிடம் கூறலாம். 211 என்னும் எண்ணை அழைத்தும் அருகில் உள்ள உதவிகளை அறியலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

இவ்வாரப் பயிற்சி

ஒரு தாளை எடுத்துக் கீழுள்ளவற்றை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்.

1. சிகிச்சை நாட்களும் நேரமும். பிரிவின் தொலைபேசி எண்.
2. பராமரிப்பு நிலையத்தின் தொலைபேசி எண். மூடுவதை அறிவிக்கும் வழி.
3. இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள்: பெயரும் எண்ணும்.
4. நிலையத்தில் அவர்களுடைய பெயர் பதிவாகியுள்ளதா?
5. மூடிய நாளுக்கும் பிந்திய நேரத்துக்கும் உரிய கட்டணம்.
6. குடும்பப் பொறுப்பு விடுப்பில் இவ்வாண்டு எஞ்சியுள்ள நாட்கள்.

ஆறில் ஏதேனும் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டால், அடுத்த சிகிச்சைக்கு வரும்போது அந்தத் தாளையும் கொண்டுவாருங்கள், சேர்ந்து நிரப்புவோம். அதிகாலை ஐந்தரை மணிக்குச் செய்தி வரும்போது, கலங்கிய மனத்தோடு புதிதாக ஒரு முடிவு தேட வேண்டியிராது. தாளைப் பார்த்து ஓர் எண்ணை அழைத்தாற் போதும். பிள்ளை அயல்வீட்டிற் காலையுணவு உண்ணும். நோயாளர் தமக்குரிய நேரத்தில் எம்மிடம் வந்து சேர்வார்.